27 வயதில் ஏறும் நெற்றி: முதலில் மருந்தா, முடி நடவா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்பவர் செந்தூலில் இருக்கும் 27 வயதுத் தம்பி. இரண்டு ஆண்டுகளாக நெற்றியின் இரு ஓரமும் ஏறிக்கொண்டே போகிறது, உச்சியிலும் முடி மெலிந்துவிட்டது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் வழுக்கை. அடுத்த ஆண்டு ஆவணியில் கல்யாணம், இன்னும் 14 மாதம் இருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு கிளினிக்கில், 3,000 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சின்ன முடிக்கொத்து) நட்டால் போதும், மருந்தே வேண்டாம், 14,000 வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு நண்பர் வழுக்கைக்குச் சாப்பிடும் ஃபினஸ்டரைடு மாத்திரையை இணையத்தில் வாங்கித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் அதைச் சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்கிறார். அம்மா எண்ணெய் காய்ச்சித் தருகிறார். வரும் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை போடும் நேர்த்திக்கடன் வேறு இருக்கிறது. என்ன செய்வது?

தம்பி, வணக்கம். நான் பினாங்கில் பார்மசிஸ்ட். ஜார்ஜ்டவுனில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் 19 ஆண்டுகளாக நிற்கிறேன். உங்கள் வயதுப் பையன்கள் கடையில் கூட்டம் குறையும்வரை பற்பசை வரிசையையே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் வந்து தொப்பியைக் கழற்றிக் காட்டுவார்கள். அதனால் இந்தக் கேள்வியை எழுத உங்களுக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. என் சொந்தத் தம்பியும் 26 வயதில் இதே நிலைமையில்தான் இருந்தான். அவன் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பதில்: அந்த 14,000 வெள்ளிக்கு இப்போது முன்பணம் கட்டாதீர்கள். ஒரு டாக்டரிடம் தலையைக் காட்டி, இது என்ன வகை முடி உதிர்வு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பரம்பரை வழுக்கைதான் என்றால் மருந்தைத் தொடங்கி ஓராண்டு பாருங்கள். முடி நட வேண்டுமா, எத்தனை கிராஃப்ட், எந்த இடத்தில் என்பதையெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம். 27 வயதுக்காரரிடம் "நட்டுவிட்டால் மருந்தே வேண்டாம்" என்று சொல்பவர் உங்கள் 45 வயதை நினைத்துப் பார்க்கவில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விவரமாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

தலைமுடி கொட்டுவதெல்லாம் ஒரே நோய் இல்லை. நம் ஊரில் டெங்கி வந்து எழுந்தவர்கள் பலருக்கு, காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கைப்பிடி கைப்பிடியாக முடி கொட்டும். காய்ச்சலின் அதிர்ச்சியில் நிறைய வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுவதால் வருவது அது. சில மாதத்தில் தானாகவே திரும்பி வளரும், அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தேவையில்லை. காசு வட்டத்தில் வழுவழுவென்று திட்டாகக் கொட்டினால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு, உண்மையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருவது. அதற்கு வைத்தியம் வேறு. அந்தத் திட்டில் முடி நட்டால் நட்ட முடியையும் நோய் தாக்கலாம். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, தலையில் படர்தாமரை, தழும்பாகிக் கொட்டும் சில நோய்கள் என்று இன்னும் உண்டு. தோல் சிவந்து, வலித்து, தழும்பு போல் ஆகியிருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். பக்கத்தில் உள்ள அரசு கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளிக்குச் சீட்டு எடுத்துக் காட்டினால், தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் பினாங்கு மருத்துவமனையிலும் தோல் நிபுணர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளம், அதாவது இரண்டு ஓரமும் உச்சியும், அப்பாவுக்கும் மாமாவுக்கும் அதே மாதிரி என்பது, பரம்பரை வழுக்கையோடுதான் அதிகம் பொருந்துகிறது. "தாய்மாமன் தலையைப் பார்" என்று நம் வீடுகளில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இதில் முக்கியமான ஒரு மரபணு தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆனால் அது ஒன்று மட்டும் இல்லை, இரண்டு பக்கத்திலிருந்தும் பல மரபணுக்கள் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

நடப்பது என்னவென்றால், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனில் ஒரு பகுதியை உடல் டிஎச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள முடிவேர்கள், பரம்பரையாக அந்த டிஎச்டிக்குத் தாங்காதவை. ஒவ்வொரு முறை உதிர்ந்து முளைக்கும்போதும் முடி கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் குட்டையாகி, கடைசியில் பூனைமுடி போல் ஆகிவிடும். காதுக்கு மேலும் பின்மண்டையிலும் உள்ள வேர்களுக்கு அந்தப் பலவீனம் இல்லை. அதனால்தான் எவ்வளவு வழுக்கையானாலும் பின்னால் குதிரை லாடம் போல் முடி நிற்கிறது. ஆண் ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் தொடர்பு உண்டு என்பதை ஜேம்ஸ் ஹாமில்டன் என்பவர் 1942இல் எழுதினார். பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை என்பதுதான் அவர் கண்டது. இன்றைக்கு டாக்டர்கள் "நார்வுட் மூன்று", "நார்வுட் ஐந்து" என்று சொல்லும் ஏழு படிநிலை அவருடைய வகைப்பாட்டை 1975இல் நார்வுட் திருத்தியது. உங்களுடையது எந்தப் படி என்று டாக்டரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட உதவும். இன்னொன்று: அந்த இடத்து அடர்த்தியில் கிட்டத்தட்டப் பாதி போன பிறகுதான் கண்ணுக்கே தெரியும் என்பார்கள். ஆகவே "இப்போதுதான் ஆரம்பம்" என்று நீங்கள் நினைக்கும்போது அது ஆரம்பத்தைத் தாண்டி நாளாகியிருக்கும்.

ஃபினஸ்டரைடு வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். டொமினிகன் குடியரசில் ஒரு கிராமத்துக் குடும்பங்களில், டிஎச்டி தயாரிக்கும் என்சைம் பிறவியிலேயே குறைந்தவர்கள் இருந்தார்கள். 1974இல் அவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தது. வளர்ந்த பிறகும் அவர்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த என்சைமை மருந்தால் அடக்கினால் என்ன என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் இந்த மாத்திரை. 1992இல் புரோஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி. அளவில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 1997இல் வழுக்கைக்கு 1 மி.கி. அளவில். உங்கள் தாத்தா வயதுக்காரர்கள் சிறுநீர்ப் பிரச்சினைக்குச் சாப்பிடும் அதே மருந்துதான், அளவுதான் வேறு.

இது ரத்தத்தில் உள்ள டிஎச்டியை ஏறக்குறைய 70 விழுக்காடு குறைக்கிறது. உச்சியில் முடி மெலிந்த ஆண்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய பரிசோதனையில், மருந்து சாப்பிட்டவர்களில் 100க்கு 48 பேருக்கு முடி கூடியிருந்தது, 42 பேருக்கு இருந்தது அப்படியே நின்றது, 10 பேருக்கு மட்டும் குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 75 பேருக்குக் குறைந்திருந்தது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த 42 பேரை. "ஒரு வருடம் சாப்பிட்டேன், ஒன்றும் மாறவில்லை" என்று கவுண்டரில் வந்து சலித்துக்கொள்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். போய்க்கொண்டிருந்த முடி போகாமல் நின்றிருக்கிறதே, மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் நிறுத்தினால் ஓராண்டுக்குள் அந்தப் பலன் போய்விடும். ஏறிய நெற்றியைவிட உச்சியில்தான் பலன் நன்றாகத் தெரியும்.

சரி, ஆண்மை பற்றிய பயம். இதை மூடி மறைத்துப் பேசவும் கூடாது, ஊதிப் பெரிதாக்கவும் கூடாது. ஆரம்பப் பரிசோதனைகளில் ஆசை குறைவு, விறைப்புக் குறைவு, விந்து வெளிவருவதில் மாற்றம் என்று சொன்னவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 100க்குச் சுமார் 4 பேர், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 2 பேர். பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடுகிறது. நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள், அந்த எச்சரிக்கை மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அதைவிட நான் கவலையோடு சொல்வது மனநிலை பற்றி. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரலாம் என்ற எச்சரிக்கையை 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை இன்னும் உறுதிப்படுத்தியிருக்கிறது. உங்களுக்கு முன்பே மனச்சோர்வு இருந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொடாதீர்கள். சாப்பிடும்போது காரணமில்லாமல் மனம் இருண்டுபோனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். வீட்டில் யாராவது ஒருவரிடம், "நான் இந்த மருந்து சாப்பிடுகிறேன், என் போக்கு மாறினால் சொல்லுங்கள்" என்று சொல்லி வையுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஒருவர் உங்கள் மனைவியாக இருக்கலாம்.

குழந்தை விஷயமும் கேட்பீர்கள். விந்தில் கலந்து போகும் மருந்து மிகமிகக் குறைவு. ஆனால் உடைந்த, பொடித்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது, ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். 5 மி.கி. மாத்திரையை நான்காக உடைத்து மலிவாகச் சாப்பிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. வீட்டில் கர்ப்பிணியோ, குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணோ இருந்தால் அந்தச் சிக்கனம் வேண்டாம். சிலருக்கு விந்தின் தரம் குறைந்து, நிறுத்தியதும் திரும்பியதாகப் பதிவுகள் உண்டு. அதனால் குழந்தைக்கு முயலும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ரத்ததானம் செய்யப் போனால் அங்கேயும் சொல்ல வேண்டும், அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம் அல்லவா. பிற்காலத்தில் புரோஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை எடுத்தாலும் சொல்லுங்கள், இந்த மருந்து அந்த எண்ணைப் பாதியாகக் காட்டும்.

நண்பர் இணையத்தில் வாங்கித் தருவது வேண்டாம். மலேசியாவில் ஃபினஸ்டரைடு டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் மால் என்று தொடங்கும் எண் இருக்கும், பக்கத்திலேயே மின்னும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். அந்த எண்ணைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவான என்பிஆர்ஏ இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் மருந்தின் பெயரும் பதிவு செய்த நிறுவனமும் வரும். இரண்டும் பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணே இல்லாத டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. இங்கே கிளினிக்கிலேயே டாக்டர் மருந்தும் கொடுத்துவிடுவார். ஆனாலும் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு மூன்று பார்மசிகளில் விலை விசாரித்துவிட்டு வாங்குங்கள். ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் மருந்தில் அந்த வித்தியாசம் பெரிய தொகையாகச் சேரும்.

அடுத்தது மினோக்ஸிடில். ரத்த அழுத்த மாத்திரையாக 1979இல் வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கை, கால், முகமெல்லாம் முடி வளரத் தொடங்கியது. அதைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988இல் 2 விழுக்காடு கரைசல் ஆண்களுக்கு அனுமதி பெற்றது, பிறகு 5 விழுக்காடு வந்தது. இது டிஎச்டியைத் தொடுவதில்லை. ஓய்வில் இருக்கும் வேரை எழுப்பி, வளரும் காலத்தை நீட்டுகிறது. அதனால் ஃபினஸ்டரைடோடு சேர்த்துப் பயன்படுத்தினால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்காது.

இதில் பாதிப் பேர் தோற்பது பூசும் முறையில்தான். முடியில் பூசிவிட்டுப் போகிறார்கள். முடியை விலக்கி, காய்ந்த தலைத்தோலில், காலை 1 மி.லி., இரவு 1 மி.லி. பூச வேண்டும். காலையில் பூசிய கையோடு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பைக் ஏறினால் மருந்து பாதி ஹெல்மெட்டின் உள்பஞ்சுக்குப் போய்விடும். முழுதாகக் காயவிட்டுக் கிளம்புங்கள். இரவில் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பூசிவிடுங்கள், தலையணை வழியாக முகத்தில் பட்டால் கன்னத்தில் முடி வளரும். கரைசல் அரித்தால் நுரை வகைக்கு மாறுங்கள், பலருக்கு அரிப்பைத் தரும் புரோப்பிலீன் கிளைக்கால் அதில் இல்லை. வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம். பூனைக்கு இது விஷம், உங்கள் தலையையோ தலையணையையோ நக்கினால்கூட ஆபத்து.

தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வருவதால் நடப்பது அது. பயந்துபோய் அந்த நேரத்தில்தான் பலர் பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள். குறைந்தது நான்கு மாதம், முடிந்தால் ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். நெஞ்சு படபடப்பு, மயக்கம், கால் வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

இதே மினோக்ஸிடிலைச் சிறிய அளவு மாத்திரையாகவும் இப்போது டாக்டர்கள் கொடுக்கிறார்கள். அது இதயமும் ரத்த அழுத்தமும் சம்பந்தப்பட்டது, நாமே தொடங்கும் மருந்து இல்லை. டூட்டாஸ்டரைடு டிஎச்டியை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கும். தென்கொரியாவிலும் ஜப்பானிலும் வழுக்கைக்கே அனுமதி பெற்றது. ஆனால் நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடலில் தங்கும். முதல் மருந்தாக உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ரத்தத்தை எடுத்துச் சுழற்றித் தலையில் ஊசி போடும் பிஆர்பி சிலருக்கு உதவுகிறது, ஆனால் அதன் பலன் ஒரே சீராக இல்லை. மருந்தைத் தொடங்காமல் அதற்குப் பணம் கட்ட வேண்டாம். பயோட்டின் மாத்திரை, அந்தச் சத்து குறைந்தவர்களுக்குத்தான் பயன்படும். அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகளைக்கூடத் தப்பாகக் காட்டும்.

அம்மாவின் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வேண்டாம் என்று சொல்லி அவர் மனத்தை நோகடிக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் முடித்தண்டிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கும், முடி உடைவது குறையும். ஆனால் டிஎச்டி வேலை செய்யும் வேருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சனிக்கிழமை தேய்த்துக் குளியுங்கள். மினோக்ஸிடில் பூசும்போது மட்டும் தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்க வேண்டாம்.

இப்போது முடி நடவுக்கு வருவோம். நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற தோல் டாக்டர் 1950களில் செய்து பார்த்து, 1959இல் எழுதிய உண்மையின் மேல்தான் இந்தச் சிகிச்சை முழுவதும் நிற்கிறது: பின்மண்டையிலிருந்து எடுத்து முன்னால் நட்ட முடி, பின்மண்டை முடியின் குணத்தோடே வாழும். அதனால் நட்டது நிலைக்கும் என்று கிளினிக்கில் சொன்னது பொய் இல்லை. அவர்கள் சொல்லாமல் விட்டது, நட்ட முடிக்குப் பக்கத்திலும் பின்னாலும் இருக்கும் உங்கள் சொந்த முடியைப் பற்றி. அது தன் போக்கில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

என் தம்பிக்கு நடந்தது இதுதான். 26 வயதில், வெளிநாட்டில் ஒரு கிளினிக்கில், பதினெட்டு வயதுப் பையனுக்கு இருப்பது போல் தாழ்வான நெற்றிக்கோடு வரைந்து நட்டார்கள். எனக்குச் சொல்லாமல் போய்விட்டு வந்தான். முதல் இரண்டு ஆண்டு அவ்வளவு அழகாக இருந்தான், வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். மருந்து ஏதும் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. இன்று அவனுக்கு 38. முன்னால் நட்ட முடி ஒரு கரை போல் நிற்கிறது, அதற்குப் பின்னால் உச்சிவரை வெறும் தோல். அதை நிரப்பப் போதுமான முடி பின்மண்டையில் இல்லை, எடுக்கும்போதே நெருக்கமாக எடுத்துவிட்டார்கள். முன்னால் இருப்பதைத் தானே மழித்துக்கொள்கிறான். அப்போது நான் இதை எல்லாம் அறிந்தவனாகப் பக்கத்திலேயே இருந்தும் அவனிடம் பேசவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும், சராசரி இரண்டு என்று வையுங்கள். நெற்றி ஓரமும் முன்பக்கமும் சேர்ந்து 75 சதுர செ.மீ. என்றால், சதுர செ.மீ.க்கு 40 கிராஃப்ட் வீதம் 3,000 கிராஃப்ட் ஆகும். பிறவி அடர்த்தியில் அது ஏறக்குறையப் பாதிதான், ஆனாலும் பார்க்க நிறைவாக இருக்கும். வழுக்கை முழுதாக விரிந்து உச்சிவரை போனால் பரப்பு 200 சதுர செ.மீ.யைத் தாண்டும். அதே அடர்த்திக்கு 8,000 கிராஃப்ட் வேண்டும். பின்மண்டையிலிருந்து வாழ்நாள் முழுக்கச் சேர்த்துப் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது, பெரும்பாலோருக்கு 5,000, 6,000 அளவில்தான். இது இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பணம் மாதிரி, ஆனால் மாதாமாதம் புதிதாக எதுவும் சேராத கணக்கு. 27 வயதில் பாதிக்கு மேல் எடுத்து முன்னால் செலவழித்துவிட்டால், 40 வயதில் உச்சி காலியாகும்போது என்ன செய்வீர்கள்? உங்கள் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்பாவின் தலையும் மாமாவின் தலையும் ஒரு குறிப்புத் தருகின்றன, அவ்வளவுதான். மருந்து எடுத்து ஓராண்டு முடி நிலையாக நின்றால், நடுவதற்கு ஓர் அடித்தளம் கிடைக்கும். நட்ட பிறகும் சொந்த முடியைக் காக்க மருந்து தொடர வேண்டும்.

எடுக்கும் முறை இரண்டு. பின்மண்டையில் ஒரு பட்டை தோலை வெட்டி எடுத்துத் தைத்து, அதிலிருந்து கிராஃப்ட் பிரிப்பது எஃப்யூடி. 1 மி.மீ. அல்லது அதற்கும் சிறிய குழல் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுப்பது எஃப்யூஇ. நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது, கிளினிக்கில் அதைக் கேட்கமாட்டார்கள். தைப்பூசத்துக்கு மொட்டை போடுகிறவர் என்றால் எஃப்யூடி வேண்டாம். காதிலிருந்து காதுவரை ஒரு கோடாகத் தழும்பு பளிச்சென்று தெரியும். எஃப்யூஇயில் புள்ளிப் புள்ளியாக இருக்கும். அளவோடு எடுத்திருந்தால் மொட்டையிலும் அவ்வளவாகக் கண்ணில் படாது. காது குத்திய இடத்தில் கட்டி போல் தழும்பு வளரும் உடம்பு என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், நம் சமூகத்தில் அது அதிகம், கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறுவது தாமதமாகும். புகை பிடிப்பவர் என்றால் நிறுத்த வேண்டும், நட்ட வேருக்கு ரத்த ஓட்டம் வேண்டும்.

அறுவை நாள் முழுவதும் எடுக்கும், மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்வார்கள். மூன்றாம் நான்காம் நாளில் நெற்றியும் இமையும் வீங்கலாம். பக்குகள் பத்து நாளுக்குள் உதிரும். இரண்டு வாரம் ஹெல்மெட் கூடாது, ஆகவே பைக்கில் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அதுவரை ரயிலையோ யாராவது ஒருவரின் காரையோ நம்ப வேண்டும். கோயிலுக்குப் போனால் நட்ட இடத்தில் விபூதி, சந்தனம் படக்கூடாது. தலையில் பால்குடம் எடுக்கும் வழக்கம் உள்ளவர்கள் தைப்பூசம் முடிந்த பிறகே தேதி வாங்குங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் நட்ட முடி பெரும்பாலும் உதிர்ந்துவிடும், வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, முழுப் பலன் தெரிய 12 மாதம் ஆகும்.

எப்போது செய்தாலும், கிளினிக்கில் இதைக் கேளுங்கள்: கிராஃப்டைக் குத்தி எடுப்பதும் நடுவதற்காகத் தோலைத் துளைப்பதும் யார்? டாக்டரா, உதவியாளரா? டாக்டர் அல்லாதவர்கள் அறுவை செய்யும் இடங்கள் உலகம் முழுக்கப் பெருகிவிட்டன என்று முடி நடவு டாக்டர்களின் உலகச் சங்கமான ஐஎஸ்எச்ஆர்எஸ் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. டாக்டரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். கிளினிக் 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார நிலையச் சட்டத்தின் கீழ் பதிவானதா என்று பார்க்கச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும். அழகு மருத்துவம் செய்ய எல்சிபி என்ற அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்றும் கேட்கலாம், கேட்டால் கோபப்படுகிற இடம் உங்களுக்கு வேண்டாம். பின்மண்டை அடர்த்தியைக் கருவி வைத்துப் பார்க்காமல், அப்பா தலை எப்படி என்று விசாரிக்காமல், வாட்ஸ்அப் படத்தைப் பார்த்தே 3,000 என்று சொன்னவர்களா என்று யோசித்துப் பாருங்கள். "இந்த வாரம் கட்டினால் தள்ளுபடி" என்பதும் ஒரு டாக்டர் பேச வேண்டிய பேச்சு இல்லை.

கல்யாணத்துக்கு வருவோம். இன்றைக்கே நட்டால் முழுப் பலனுக்கு 12 மாதம், அதற்கு மேல் இரண்டு மாதம்தான் கையில் இருக்கும். ஏதாவது தவறினால் திருத்த நேரம் இல்லை. மருந்தை இப்போது தொடங்கினால் அதே 14 மாதத்தில் அதன் முழுப் பலனையும் பார்த்துவிடுவீர்கள், பின்மண்டையிலிருந்து ஒரு முடிகூடச் செலவாகாமல். உச்சியில் மிச்சம் இருக்கும் மெலிவை, மணமேடைக்கு மட்டும், முடி நிறத்தில் தூவும் கெராட்டின் தூள் மறைத்துவிடும். உங்களுக்கு வழக்கமாக முடி வெட்டுபவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், ஓரங்களைக் குறைத்து வெட்டினாலே முன்பக்கம் நிறைந்து தெரியும். மணப்பெண்ணிடமும் சொல்லிவிடுங்கள் தம்பி. அவர் உங்களைப் பார்த்துத்தான் சரி என்று சொல்லியிருக்கிறார், இந்த நெற்றியும் அதில் சேர்த்தி.

கடைசியாக, மொட்டை. மருந்து எடுத்துக்கொண்டே தாராளமாகப் போடலாம். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று பத்துமலையிலும் சொல்வார்கள், இங்கே தண்ணீர்மலையிலும் சொல்வார்கள். கத்தி தொடுவது தோலுக்கு வெளியே இருக்கும் தண்டைத்தான், வேருக்கு அதனால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது. சந்தனத்தை நன்றாகக் கழுவிவிட்டு, கத்திக் கீறல்கள் ஆறும்வரை இரண்டு மூன்று நாள் மினோக்ஸிடிலை நிறுத்தி வையுங்கள், கீறிய தோல் வழியாக மருந்து அதிகமாக உடலுக்குள் போகும். மாத்திரையை நிறுத்த வேண்டாம். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், ஆவணிக்குள் சீவி நிறுத்தும் அளவுக்கு வந்துவிடும். மொட்டை போட்டு ஒரு வாரம் கழித்து, முடி முள்ளாக முளைத்திருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் உச்சியையும் இரண்டு ஓரத்தையும் யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். எங்கே வேர் உயிரோடு இருக்கிறது, எங்கே போய்விட்டது என்று சீப்பும் எண்ணெயும் மறைக்காமல் காட்டும் படம் அது. அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.